சாக்குச் சொல்ல முடியாத விருந்து

பிறந்த குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றும்போது நடுங்காத கை, வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்கும்போது நடுங்கும். டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே கடகடவென்று ஒரு சத்தம் வரும். செம்மண்டலத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் குறைவு.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் நர்ஸ் என்பதால் தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய் சாயங்காலம் திரும்புவார். வீட்டுக்காரர் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனாரே தவிர கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. தள்ளுவண்டிக் காய்கறிக்காரரை நிறுத்துவதற்கும் விசில்தான். ஒரே மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இப்போது இரண்டு பேரும் மகனோடு சென்னையில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் வேறு யாரோ குடித்தனம்.

நான் பரங்கிப்பேட்டைக்காரி. என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். பிள்ளைகள் படிப்புக்காக சிஸ்டர் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தேன். எனக்கு வாய் ஜாஸ்தி, அது எனக்கே தெரியும். ஐம்பது பேருக்கு பிரியாணி போடு என்று சொன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, நான்கு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றதும் முகம் வெளுத்துப்போகிற ஒரு மனுஷியைப் பார்த்தால் என்ன வரும்? சிரிப்புத்தான் வந்தது.

குடிவந்த வாரமே வந்து கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, நீ கறி எந்தக் கடையில வாங்குவ?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல், பஸ் ஸ்டாண்டு பக்கத்து பாய் கடையைச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"நீ சொன்ன அதே கடையில வாங்குனதுதான். மாஸ்டரே போய் நின்னு வாங்குனாரு. நம்பலன்னா கடையில கேட்டுப் பாரு. கிண்ணம்கூட புதுசு" என்று மூச்சு விடாமல் சொன்னார். அப்புறம் குரலை இறக்கி, "நல்லா இருக்காது, கோவிச்சுக்காத" என்று கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டுக் கிடுகிடுவென்று இறங்கிப் போனார்.

நான் மூடியைத் திறப்பதற்குள் போன் அடித்தது. "சாப்ட்டியா?"

"இப்பதான்க்கா தொறக்குறேன்."

தட்டை எடுத்து வைப்பதற்குள் மறுபடியும் போன். "சாப்ட்டியா?"

"யா அல்லாஹ்! சோறு போட்டுக்க விடுங்கக்கா. நீங்க போன் பண்ணிக்கிட்டே இருந்தா நான் எந்தக் கையால சாப்புடறது?"

நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. குழம்பு நன்றாகவே இருந்தது. மிளகு தூக்கலாக, நாக்கில் நிற்கிற குழம்பு. இவ்வளவு நன்றாக வைக்கிறவருக்கு என்ன பயம் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். நல்லா இருக்கா என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. சாப்ட்டியா என்றுதான் கேட்பார்.

யாராவது வந்தால் போதும், சமையலறை வாசலில் தொங்குகிற பூப்போட்ட திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார். காப்பி கொடுப்பதோடு சரி, அதற்கு மேல் முன்னால் வரவே மாட்டார். பரிமாறுவது மாஸ்டர். பயம் கூடக் கூட பதார்த்தமும் கூடும். ஒரு தடவை சர்ச்சிலிருந்து ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு பஜ்ஜி, கேசரி, சுண்டல், சமோசா, வாழைப்பழம், பிஸ்கட், அதற்கு மேல் உப்புமா. பதட்டத்தில் சுண்டலுக்கு உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுவிட்டார். ஜெபம் நடத்த வந்த பாதிரியார் ஐயர் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு சொம்புத் தண்ணீரை அப்படியே தூக்கிக் குடித்தார். அன்றைக்குப் பூராவும் சிஸ்டர் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கப்புறம்தான் பிளாஸ்திரி வழக்கம் வந்தது. ஒரு பாத்திரத்தில் உப்புப் போட்டதும், ஆஸ்பத்திரியில் ஒட்டுவார்களே வெள்ளைப் பிளாஸ்திரி, அதில் ஒரு துண்டு வெட்டி அந்தப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிவிடுவார். மூடியில் பிளாஸ்திரி இருந்தால் உப்புப் போட்டாயிற்று, இல்லையென்றால் இன்னும் போடவில்லை.

"சாம்பாருக்கு என்னக்கா, ஆபரேஷனா?" என்று கேட்பேன்.

"நீ சிரி. ட்ரிப்ஸ் போட்டா பிளாஸ்திரி ஒட்டி வெக்கறோமில்ல, அடுத்த டூட்டிக்காரி வந்து மறுபடி குத்தக் கூடாதுன்னு? அது மாரிதான்" என்பார். எண்ணெய் அளப்பதுகூட இருமல் மருந்து மூடியில்தான்.

இப்படி நான் கேலி பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், டூட்டி முடிந்து வந்தவர் புடவைகூட மாற்றாமல் மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

மகன் கல்யாண விஷயம் எனக்கு முன்பே தெரியும். கூட வேலை பார்த்த பெண்ணை விரும்பி, சென்னையில் பதிவு செய்துகொண்டான். பெண்ணுக்கு ஊர் புவனகிரி. வெள்ளாற்றங்கரையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன்கூட இல்லை. இப்போது அந்தப் பெண் மாசமாக இருந்தாள். மசக்கை தாங்காமல் லீவு போட்டுவிட்டு மாமியாரிடம் வந்திருந்தாள்.

"அவ அம்மா இன்னிக்கு போன் பண்ணுனாங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவுங்க தம்பிய கூட்டிக்கிட்டு வர்றாங்களாம். பொண்ண பாத்துட்டுப் போயிடறோம்னாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் மொகம் இப்பிடி இருக்கு?"

"பாத்துட்டுப் போயிடறோம்னாங்க. சாப்புடறோம்னு சொல்லல." கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். "மருமவ சொல்லுது, எங்கம்மா இங்க சாப்ட்டுட்டாங்கன்னா எங்கப்பாவும் எறங்கி வந்துடுவாரு அத்தை, சாப்புடாம எழுந்து போனாங்கன்னா எனக்கு அம்மா வீடுன்னு ஒண்ணு இல்லன்னு. சொல்லிட்டு அழுவுது."

"இவ்ளோதானா? நான் ஒரு சட்டி பிரியாணி போட்டுத் தர்றேன். வாசனைக்கே ஒக்காந்துடுவாங்க."

"வேணாம்."

"அப்ப ஓட்டல்ல சொல்லிடுங்க."

"மாஸ்டரும் அதான் சொல்றாரு. கடைச் சாப்பாட்ட யாரு வீட்லயும் சாப்புடுவாங்க தங்கச்சி. நான் சமைச்சத சாப்புடணும்."

"அதென்ன பிடிவாதம்? நீங்க சமைச்சா சாப்புடாம எங்க போயிடுவாங்க?" என்றேன். அப்போதும் எனக்கு உப்பும் காரமும்தான் மண்டையில் ஓடியது.

அப்போதுதான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து அதிரசம் சுட்டு, ஒரு பெரிய தூக்குவாளியில் சிதம்பரத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். வார்டில் எல்லோரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தரும் வாயில் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் பிள்ளைகளோடு சாப்பிடுகிறோம் சிஸ்டர் என்று பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பின்வாசல் வழியாக பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தால், குப்பைத் தொட்டி ஓரத்தில் அந்தப் பொட்டலங்கள். பிரிக்கக்கூட இல்லை. ஒன்றை நாய் பிய்த்துக்கொண்டிருந்தது.

"எந்த ஊருன்னு கேப்பாங்க. சொன்னா, ஊர்ப்பக்கமா காலனிப்பக்கமான்னு அடுத்து கேப்பாங்க. காலனின்னா போதும், மறுநாள்லேந்து எல்லாருக்கும் வயிறு சரியிருக்காது. சம்பளம் வந்துச்சு, வீடு கட்டுனோம், இங்க யாரும் வாயத் தொறந்து கேக்கறதில்ல. ஆனா தட்டுல போட்டா கை வராது" என்றார். "என் கையால ஊசி போட்டுக்குவாங்க தங்கச்சி. நல்ல கை சிஸ்டர் உங்களுக்கு, வலியே தெரியலம்பாங்க. அந்தக் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

இத்தனை நாள் எதைக் கேலி செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன், பொய் சொல்வானேன். அவர் அழவில்லை. என் பிள்ளைகளின் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, எழுந்திரிங்க" என்றேன். "அவுங்க சாக்கு சொல்ல முடியாத மாரி ஒரு சாப்பாடு போடுவோம்."

முதலில் அவர் மனசில் இருந்ததைக் கேட்டேன். ஃப்ரைடு ரைஸ், சப்பாத்தி, சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், மீன் குழம்பு, வடை, கட்லெட், பாயசம்.

"அக்கா, இது வீடா கல்யாண மண்டபமா? அவுங்க வந்து ஒக்காந்தப்புறம் நீங்க அடுப்புக்கிட்ட போவவே கூடாது. புதுசா எதையும் செஞ்சு பாக்கக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு செய்வீங்களே, அத மட்டும் சொல்லுங்க."

அவர் அதைச் சொல்லவில்லை. சாக்குகளைத்தான் சொன்னார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தவர் ஆயிற்றே.

"எண்ணெ ஆவாதும்பாங்க."

"சரி, வடையும் கட்லெட்டும் வேணாம்."

"சக்கரைன்னுவாங்க."

"பாயசம் வேணாம்."

"இன்னிக்கு கவுச்சி சாப்புட மாட்டோம்பாங்க."

"பக்கத்துல ஒரு சாம்பார் வைங்க."

"பல்லு வலி, மெல்ல முடியாதும்பாங்க."

"அடப்பாவமே, இதெல்லாம்கூடவா சொல்வாங்க?"

"நீ கேட்டதில்ல, நான் கேட்டிருக்கேன். வயிறு சரியில்ல, இன்னிக்கு ரசஞ்சோறுதான்னுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண் பளிச்சென்று ஆனது.

"இட்லி."

"ஆங்?"

"இட்லி தங்கச்சி! ஆபரேஷன் ஆனவனுக்கே மொத மொத இட்லிதான் குடுக்கச் சொல்றாரு டாக்டரு. இட்லி ஒத்துக்காதுன்னு சொல்ல ஒரு வியாதி கெடையாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார், அவர் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற அந்த நாட்டுக்கோழிக் குழம்பு. அவ்வளவுதான் மெனு. மாவு சனிக்கிழமையே அரைத்தாகிவிடும். குழம்பும் சாம்பாரும் ஞாயிறு மத்தியானமே இறங்கிவிடும். அவர்கள் வருகிற நேரம் இட்லி மட்டும் வேக வைத்து ஹாட்பாக்ஸில் போட்டால் போதும். வரும் வழியில் சாப்பிட்டுவிட்டோம் என்று சொன்னால்? மறுபடி பசிக்கிற வரைக்கும் மாஸ்டர் பேச்சுக் கொடுக்க வேண்டியது. ஸ்போர்ட்ஸ் டே கதையை அவர் ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு உயிரே போகும், பசி வராதா?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. அன்றைக்கு எதையும் ருசி பார்க்க மாட்டேன் என்றார்.

"பாத்தது தெரிஞ்சா எச்சின்னுடுவாங்க. அவ்ளோ பெரிய சாக்க நானே எடுத்துக் குடுக்கணுமா?"

"ஒரு சொட்டு உள்ளங்கையில ஊத்திப் பாக்கறது எல்லா வீட்லயும் செய்யறதுதானேக்கா?"

"எல்லா வீடும் இந்த வீடும் ஒண்ணில்ல. நீயும் பாக்கக் கூடாது. அதான் பிளாஸ்திரி இருக்கில்ல" என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கீழே போனபோது வீடே மணத்தது. எனக்கு அப்போது தெரியாத ஒன்று அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. மாஸ்டர் பிறகு திட்டு வாங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டது அது. கோழிக் குழம்பு கொதிக்கும்போது மருமகள் வாந்தியெடுக்க, சிஸ்டர் உப்புப் போடாமலே அடுப்பைத் தணித்துவிட்டு ஓடியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் சமையலறையைச் சுத்தம் செய்யப் போயிருக்கிறார். மூடியெல்லாம் பிளாஸ்திரி. வருகிறவர்கள் பார்த்தால் வீடு வார்டு மாதிரி இருக்கிறது என்று நினைப்பார்களே என்று எல்லாவற்றையும் உரித்துப் போட்டிருக்கிறார். அப்புறம்தான் சிஸ்டர் கத்துவாரே என்று பயம் வந்திருக்கிறது. பிளாஸ்திரிச் சுருளை எடுத்து எல்லா மூடிக்கும், குழம்பு மூடிக்கும் சேர்த்து, விளையாட்டு மைதானத்தில் கோடு போடுகிற ஒழுங்கோடு ஆளுக்கொரு துண்டு ஒட்டிவிட்டார். திரும்பி வந்த சிஸ்டர் குழம்பு மூடியைப் பார்த்தார். பிளாஸ்திரி இருந்தது. உப்புப் போட்டாயிற்று என்று கொதிக்க விட்டு இறக்கிவிட்டார்.

சாயங்காலம் மோட்டார் பைக்கில் வந்தார்கள். அந்த அம்மா நல்ல உயரம். வெயிலில் வேலை செய்து கறுத்த கை. தம்பிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். நானும் சிஸ்டரும் திரைக்குப் பின்னால் நின்றோம். அந்த அம்மாவின் ஒயர்கூடையில் தண்ணீர் பாட்டில் எட்டிப் பார்த்தது.

"தண்ணி கொண்டாந்திருக்காங்க தங்கச்சி" என்றார் சிஸ்டர். குரல் காற்றாகத்தான் வந்தது.

"வெயில்லக்கா, வழிக்குக் கொண்டாந்திருப்பாங்க" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை அம்மா தொடவில்லை. ஆனால் கண் அவள் மேலேயே இருந்தது.

"வாந்தி நின்னுச்சா?"

"கொஞ்சம் பரவால்லம்மா."

"எளச்சிட்ட."

அதோடு பேச்சு தீர்ந்தது. மாஸ்டர் ஸ்போர்ட்ஸ் டேயை ஆரம்பித்தார். பாவம், அவருக்கே அன்றைக்குக் கதை ஓடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப சாப்புடலாங்களா?" என்றார்.

"வேணாங்க. வர்ற வழியில டிபன் சாப்ட்டோம். மானம் இருட்டிக்கிட்டு வருது, மழைக்கு முன்ன வீடு போய்ச் சேரணும்" என்று அந்த அம்மா கூடையை எடுத்தார்.

மழை! எத்தனை சாக்கு யோசித்தோம், இந்த மழையை யாருமே யோசிக்கவில்லையே. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அந்தப் பெண் சொன்னாள், "எனக்குப் பசிக்குதும்மா. நான் சாப்புடற வரைக்குமாச்சும் இரேன்."

எந்த அம்மா எழுந்து போவாள்? அவர் கூடையைக் கீழே வைத்தார். சிஸ்டருக்குக் கை வரவில்லை. நானே தட்டில் இரண்டு இட்லி வைத்து, குழம்பு ஊற்றி, மாஸ்டரிடம் நீட்டினேன். மருமகள் ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். அப்புறம் அவசரமாக விழுங்கினாள்.

"இன்னாடி?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"மொகத்த சுளிச்சியே."

"இல்லம்மா, நல்லாருக்கு. அத்த நல்லா வெப்பாங்க."

அந்த அம்மா சட்டென்று குனிந்து மகளின் தட்டிலிருந்த குழம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

தம்பிக்காரர் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் வாய் திறந்தது திறந்தபடி. சிஸ்டர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் இரண்டாக உடைந்தது.

"அட உப்பே இல்லியேடி!" என்றார் அந்த அம்மா. கோபமான கோபம். "வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு இப்பிடி சப்புனு போட்டா எப்பிடி எறங்கும்? இதான் இங்க உனக்குப் போடுற சாப்பாடா?"

விறுவிறுவென்று எழுந்து வந்து திரையை ஒதுக்கினார். நாங்கள் இரண்டு பேரும் திருட வந்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி நின்றோம்.

"உப்பு எங்க வெச்சிருக்கீங்க?"

சிஸ்டர் உப்பு ஜாடி பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மா குழம்பு மூடியைத் திறந்து, அதிலிருந்த பிளாஸ்திரியை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கல் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். அடுப்படியில் நின்று பழகிய எந்தப் பெண்ணும் செய்கிறதுதான். நக்கிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

"நீங்க ருசி பாக்கலியா?" என்று கேட்டார். குரலில் இப்போது அந்த வேகம் இல்லை.

"பாக்கலங்க" என்றார் சிஸ்டர். "பாத்தா எச்சின்னு நெனப்பீங்களோன்னு... நான் எதையும் வாயில வெக்கலங்க. இவளையும் வெக்க விடல. சத்தியமா."

அந்த அம்மா குழம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் மனசுக்குள் ஓதாத துஆ இல்லை. ரப்பே, இந்தப் பொம்பள கரண்டியக் கீழ வெச்சிட்டுப் போயிடக் கூடாது என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கைய நீட்டுங்க" என்றார் அவர்.

சிஸ்டருக்குப் புரியவில்லை.

"அட, கைய நீட்டுங்கன்றேன்."

சிஸ்டர் நீட்டினார். அந்த அம்மா அதே கரண்டியால் குழம்பை அள்ளி, சிஸ்டரின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"பாருங்க. சரியா இருக்கா?"

சிஸ்டர் அந்தச் சொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வாயில் வைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, ஆனாலும் நாக்கைச் சப்புக்கொட்டி யோசிக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் போடலாங்க."

"அதான் நானும் நெனச்சேன்" என்று அந்த அம்மா இன்னும் இரண்டு கல் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பிக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், அந்த ஹெல்மெட்ட வெச்சிட்டு ஒக்காரு. மழ விட்டப்புறம் போலாம்."

தம்பிக்காரர் அதற்காகவே காத்திருந்தவர் போல உட்கார்ந்தார். வழியில் டிபன் சாப்பிட்டவர் சாப்பிடுகிற சாப்பாடாக அது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு இட்லி எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா சமையலறைக்குள் வந்து மெதுவாகச் சொன்னார், "ஒரு தூக்குல கொஞ்சம் கொழம்பு குடுங்க. அவுருக்கு எடுத்துட்டுப் போறேன்."

சிஸ்டர் பயந்துபோனார். "கோவிச்சுக்கிட்டாருன்னா?"

"உப்பு நான் போட்டதுன்னு சொல்லிக்கிறேன், நீங்க ஊத்துங்க" என்றார் அவர்.

அந்த வாரமே ஒருநாள் மத்தியானம், சிஸ்டருக்கு லீவு. நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். ஒரு கையில் அந்தத் தூக்கு, இன்னொரு கையில் பை நிறையக் கத்தரிக்காய். அப்பா என்று கத்திக்கொண்டு மருமகள் ஓடினாள். மாசமான பெண் இப்படி ஓடலாமா என்று மேலிருந்து நான் திட்டினேன். திட்டிக்கொண்டே நானும் படியில் ஓடித்தான் இறங்கினேன்.

சிஸ்டர் தலைகூட வாரவில்லை. பழைய நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று தவித்தார். வீட்டில் இருந்தது காலையில் வடித்த சோறும் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பும்தான்.

"ஒக்காருங்க அண்ணே. ஒரு பத்து நிமிசம், இட்லி ஊத்திடறேன். கோழி வாங்கியாரச் சொல்றேன், இதோ ஆயிடும்..."

அவர் தூக்கை மேசை மேல் வைத்தார். முற்றத்துக் குழாயில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா, பசிக்குது" என்றார். "இருக்கறத போடு."